நீர் மாதிரி எடுக்கும் கருவிகளை உலகச் சந்தையில் தேர்ந்து வாங்குவது எப்படி

கயிற்றில் கட்டி இறக்கும் சாதாரணக் குப்பியும், குளிர்பதனப் பெட்டியோடு கழிவுநீர் வாய்க்காலின் ஓரத்தில் இரவு பகலாக நின்று உழைக்கும் இயந்திரமும் விற்பனைப் பட்டியல்களில் ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. இரண்டுக்கும் நீர் மாதிரிக் கருவி என்றே பெயர். விலையில் மட்டும் பல நூறு மடங்கு வித்தியாசம். இந்தச் சந்தைக்குள் முதன்முறையாக வருபவர் தடுமாறுவது இங்கேதான். ஆய்வகம், சுத்திகரிப்பு நிலையம், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம் போன்ற ஓர் இடத்தில் கொள்முதல் பொறுப்பில் இருப்பவரை மனத்தில் வைத்து, எதை முதலில் முடிவு செய்வது, விற்பவரிடம் எதைக் கேட்பது, கருவி வந்து இறங்கியபின் எதைச் சோதிப்பது என்ற வரிசையில் இந்த வழிகாட்டி அமைகிறது.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்தச் சந்தையின் மதிப்பு இத்தனை கோடி டாலர், ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வளர்கிறது என்று கூறும் கட்டண அறிக்கைகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒன்றில் காணும் தொகை மற்றொன்றில் இருப்பதோடு ஒத்துப்போவதில்லை. எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதிலேயே அவை வேறுபடுவதுதான் காரணம். ஓர் அறிக்கை தானியங்கிக் கருவிகளை மட்டும் எண்ணும். இன்னொன்று பாட்டில், குழாய், வடிகட்டி போன்ற நுகர்பொருள்களையும் சேர்க்கும். மூன்றாவது, நீருக்குள்ளேயே நிறுத்திவைத்து அளவிடும் உணரிகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே அத்தகைய அறிக்கை கைக்கு வந்தால், வளர்ச்சி விழுக்காட்டைப் பார்க்கும் முன் அதன் வரையறைப் பகுதியைப் படியுங்கள். உண்மையைச் சொன்னால், கருவி வாங்குபவருக்கு அந்த மொத்தத் தொகையால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. தேவை எங்கிருந்து எழுகிறது, விற்பவர் எதில் சம்பாதிக்கிறார் என்ற இரண்டு செய்திகளே பயன்படும். இரண்டையும் பின்னர் பார்ப்போம்.

அளக்கப்போகும் பொருளிலிருந்து தொடங்குங்கள்

விற்பனைப் பட்டியலைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்து, இந்த நீரில் எந்தெந்தப் பொருள்களை, எவ்வளவு நுண்ணிய அளவில், எந்த ஆய்வு முறையின்படி அளக்கப்போகிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்கும்போது நுழைந்த பிழையை எந்த ஆய்வகத்தாலும் பின்னர் நீக்க முடியாது. நீரோடு உரசும் ஒவ்வொரு பொருளும், அதாவது குப்பி, மூடி, உள்வளையம், குழாய், பம்பின் உறுப்பு ஆகிய எல்லாமும், அந்த நீருக்கு ஏதேனும் ஒன்றைக் கொடுக்கலாம். அதிலிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்தும் கொள்ளலாம். எது கொடுக்கிறது, எது எடுக்கிறது என்பதுதான் கருவித் தேர்வின் அடிப்படை.

கன உலோகங்களுக்குப் பொதுவாக அமிலத்தால் கழுவிய பாலிஎத்திலீன் பாட்டில்கள் போதும். நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் மதிப்பை 2-க்குக் கீழே கொண்டுவந்தால் பெரும்பாலான உலோகங்களுக்கான மாதிரியை ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம். பாதரசம் மட்டும் இந்த ஒழுங்கில் அடங்காது. மிக நுண்ணிய அளவில் அளக்கும்போது பாதரச ஆவி பாலிஎத்திலீனின் சுவரையே ஊடுருவிச் செல்லக்கூடியது என்பதால், கண்ணாடியையோ டெஃப்லான் போன்ற ஃப்ளூரோபாலிமரையோ நாட வேண்டியிருக்கிறது. இத்தகைய நுண்ணளவுப் பணிக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த 1669 என்ற மாதிரியெடுப்பு முறை, கருவிகளை மட்டுமல்லாமல் மனிதர்களையும் பிரிக்கிறது: ஒருவர் பாட்டிலையும் நீரையும் மட்டுமே தொடுவார், அவர் 'தூய கை', இயந்திரம், பெட்டி, வெளியுறை எல்லாவற்றையும் மற்றவர் கையாள்வார், அவர் 'அழுக்குக் கை'. பெயர் வேடிக்கையாக இருந்தாலும், இரண்டாவது ஆளின் கூலியை மறந்து திட்டச் செலவு போடுபவர்கள் பலர்.

பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃப்ளூரின் சேர்மங்களுக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. பாதரசத்துக்கு உகந்த டெஃப்லான் இங்கே விலக்க வேண்டிய பொருளாகிவிடுகிறது, ஏனெனில் அந்தப் பொருளின் குடும்பத்தையே நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். குடிநீரில் இச்சேர்மங்களை அளக்க அதே அமெரிக்க முகமை வகுத்த 537.1 என்ற முறை பாலிபுரோப்பிலீன் பாட்டில்களைக் கேட்கிறது. டெஃப்லான் உட்பூச்சுக் குழாய், டெஃப்லான் உள்வளையம் பொருத்திய மூடி, நீர் ஒட்டாத பூச்சுடைய மழைச்சட்டை ஆகியவற்றைக் களத்துக்கே கொண்டுவராமல் இருப்பது நல்லது. பாதரசம், பிஎஃப்ஏஎஸ் இரண்டையும் அளக்க வேண்டிய நிறுவனம் ஒரே தொகுப்பை வாங்கி இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு 40 மில்லிலிட்டர் கண்ணாடிச் சிறுகுப்பிகளை ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். நீரைக் கலக்கும், உறிஞ்சும், சிதறடிக்கும் எந்தக் கருவியும் அதற்கு ஆகாது. எண்ணெய், கொழுப்பு ஆகியவை சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பம்பு வழியாக எடுக்காமல் ஓர் அகன்ற வாய்க் கண்ணாடிப் பாட்டிலில் நேரடியாகப் பிடித்து, அந்தப் பாட்டில் முழுவதையும் அப்படியே ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். அதிலிருந்து பகுதி எடுத்து ஊற்றினால் முடிவு குறைந்துவிடும். நுண்ணுயிர் ஆய்வுக்குக் கிருமி நீக்கிய பாட்டில் தேவை. குளோரின் கலந்த நீரானால், பாட்டிலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் இடப்பட்டிருக்க வேண்டும். அது இல்லையெனில் ஆய்வகத்துக்குப் போகும் வழியெல்லாம் குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அசுத்தமான நீர்கூட சுத்தமானது என்ற சான்றிதழோடு திரும்பிவரும்.

போரான், சோடியம், சிலிக்கா ஆகியவற்றை அளப்பவர்கள் கண்ணாடியைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டால் இந்தத் தாள் ஏறத்தாழ முடிந்தது. நைட்ரேட், உயிரிய ஆக்சிஜன் தேவை போன்ற வழக்கமான ஆய்வுகளுக்குக் கருவியைவிடக் காலக்கெடுவே கண்டிப்பானது. அமெரிக்க விதிகளில் இவ்விரண்டுக்கும் 48 மணி நேரம்.

நீர் இருக்கும் இடத்துக்கு ஏற்ற கருவிக் குடும்பம்

அடுத்து வருவது இடம். ஏரி, நீர்த்தேக்கம், கடல் ஆகியவற்றில் குறிப்பிட்ட ஆழத்திலிருந்து நீரை எடுக்க, இரண்டு முனைகளும் திறந்த உருளையை இறக்கி, கயிற்றின் வழியாக 'தூதுவன்' எனப்படும் ஒரு சிறு எடையை விட்டு முனைகளை மூடவைக்கும் பழைய உத்தியே இன்றும் கோலோச்சுகிறது. நார்வேயின் துருவப் பயணி ஃப்ரிட்யோஃப் நான்சென் பெயரால் வழங்கும் குப்பியிலிருந்து வளர்ந்த மரபு இது. வான் டோர்ன் வகை 1956-இல் வெளியிடப்பட்டது. ஷேல் நிஸ்கின் தம் குப்பிக்கு 1966-இல் காப்புரிமை பெற்றார். வான் டோர்ன் உருளையைக் கிடைமட்டமாகவும் இறக்கலாம் என்பதால், அடிமட்டத்துக்குச் சற்று மேலேயுள்ள மெல்லிய அடுக்கிலிருந்து நீர் எடுக்க அது வசதியானது. நிஸ்கின் குப்பிகளைப் பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று வட்டமாக அடுக்கி, கப்பலிலிருந்து மின் சைகையால் ஒவ்வொரு ஆழத்தில் ஒவ்வொன்றாக மூடவைப்பது கடலாய்வின் அன்றாட நடைமுறை. சாதாரண நிஸ்கின் குப்பியின் உள்ளே ஓடும் ரப்பர் நாண் நுண்ணளவு உலோக ஆய்வைக் கெடுக்கும். அப்பணிக்கு, மூடிய நிலையில் நீருக்குள் நுழைந்து ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தத்தால் திறந்துகொள்ளும் கோ-ஃப்ளோ வகையைக் கேளுங்கள். மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் கப்பலின் துருவும் குப்பிக்குள் புகாமல் தடுப்பதே அந்த வடிவமைப்பின் நோக்கம்.

நிலத்தடி நீருக்கான கண்காணிப்புக் கிணறுகளில், நீளமான மெல்லிய குவளையை இறக்கி மொண்டு எடுக்கும் முறையே மலிவானது. ஆனால் அது இறங்கி ஏறும்போது கிணற்றின் வண்டலைக் கிளப்பிவிடும். வண்டலோடு ஒட்டியிருக்கும் உலோகங்களும் மாதிரிக்குள் வந்துவிடும். 1996-இல் அமெரிக்க முகமைக்காக வெளியான வழிகாட்டுதலுக்குப்பின் பரவிய குறைவேக முறையில், நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரை மட்டுமே இறைத்து, கிணற்று நீர்மட்டம் 0.1 மீட்டருக்குமேல் தாழாமல் பார்த்துக்கொண்டு, பிஎச் 0.1 அலகுக்குள்ளும் மின்கடத்துதிறன் 3 விழுக்காட்டுக்குள்ளும் அடுத்தடுத்த அளவீடுகளில் நிலைத்தபின்பே மாதிரி பிடிக்கிறார்கள். இதற்கென உருவானது பை பம்பு: உள்ளே ஒரு நெகிழ்பை நீரால் நிரம்ப, வெளியிலிருந்து அழுத்தப்பட்ட வாயு அந்தப் பையைப் பிசைந்து நீரை மேலே தள்ளும், வாயுவும் நீரும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பையைத் தேர்ந்தெடுக்கும்போது முன்பு எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள், ஏனெனில் பெரும்பாலும் அது டெஃப்லானாகவே வரும். பிஎஃப்ஏஎஸ் அளப்பதானால் பாலிஎத்திலீன் பை வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றுக்கு அப்பால், வாரக்கணக்கில் நீருக்குள் தொங்கவிட்டு மாசுகளைத் தன்னுள் ஈர்த்துக்கொள்ளச் செய்யும் மந்தநிலைச் சேகரிப்பான்கள் ஒரு தனிக் கிளை. மின்சாரம் வேண்டாம், விலையும் குறைவு. ஒழுங்குமுறை அமைப்பு அந்த முடிவுகளை ஏற்குமா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

தானியங்கிக் கருவி: பணமும் பிழையும் கூடும் இடம்

கழிவுநீர், மழைநீர் வடிகால், தொழிற்சாலை வெளியேற்றம் ஆகியவற்றுக்கான தானியங்கிக் கருவிகளே இந்தச் சந்தையில் ஒரு தனி ஆணைக்குப் பெருந்தொகை கேட்பவை. ஆதலால் இதில் சற்று நிதானமாக நிற்போம்.

முதல் கேள்வி உறிஞ்சும் உயரம். கரையில் வைத்த பம்பு கீழிருந்து நீரை மேலே இழுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் வளிமண்டல அழுத்தமே நீரைத் தள்ளுகிறது; கடல் மட்டத்தில் அதன் கோட்பாட்டு எல்லை ஏறத்தாழ 10.3 மீட்டர். சந்தையிலுள்ள நல்ல கருவிகள் நடைமுறையில் 8 மீட்டருக்குச் சற்று மேல் வரை எட்டுகின்றன. உயரமான நிலப்பரப்பில் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் இந்த எல்லை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகவே குறையும் என்பதைப் பட்டியல்கள் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. நீர் எடுக்கும் உங்கள் ஆளிறங்கு குழி அதைவிட ஆழமானால், கரையிலிருந்து உறிஞ்சும் கருவி எந்த விலைக்கும் உதவாது. நீருக்குள் மூழ்கும் பம்பே வழி.

இரண்டாவது, குழாயில் நீர் செல்லும் வேகம். வேகம் குறைந்தால் கனமான துகள்கள் குழாயிலேயே பின்தங்கி, தெளிந்த நீர் மட்டும் பாட்டிலுக்கு வரும். திடப்பொருளின் அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். கழிவுநீர் மாதிரியெடுப்புக்கான ஐஎஸ்ஓ 5667-10 என்ற பன்னாட்டுத் தரநிலை நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தையும், 9 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டத்தையும் எதிர்பார்க்கிறது. 9.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அந்த வேகம் வேண்டுமானால் பம்பு நிமிடத்துக்குச் சுமார் 2.1 லிட்டர் தர வேண்டும். விற்பவர் காட்டும் வேகம் எந்த உயரத்தில் அளந்தது என்று கேளுங்கள். ஒரு மீட்டர் உயரத்தில் துள்ளி ஓடும் கருவி ஆறு மீட்டரில் மூச்சு வாங்கும்.

பம்பில் இரண்டு பெரும் வகைகள் உள்ளன. நெகிழ்குழாயை உருளைகளால் பிசைந்து நீரைத் தள்ளும் பெரிஸ்டால்டிக் வகை எளிமையானது, எடை குறைந்தது, பின்னோக்கிச் சுழன்று குழாயைத் தானே ஊதிச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் பிசையப்படும் சிலிக்கோன் குழாய் தேயும். தேயத் தேய ஒவ்வொரு முறையும் எடுக்கும் அளவு மாறும். சில கரிமச் சேர்மங்களைச் சிலிக்கோன் உறிஞ்சவும் செய்யும். வெற்றிட வகையில், நீர் ஓர் அளவுக் கலத்துக்குள் இழுக்கப்பட்டு, மிகுதி வெளியே தள்ளப்பட்டு, மீதி பாட்டிலுக்குச் செல்கிறது. அளவு சீராக இருக்கும், தேய்மானம் குறைவு. உருவமும் விலையும் கூடுதல். ஊர் ஊராகத் தூக்கிச் செல்வதற்கு முதலாவதும், ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் நிலைநிறுத்துவதற்கு இரண்டாவதும் பொருந்தும் என்பது என் கணிப்பு. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை.

மூன்றாவது, எப்போது எடுப்பது என்ற ஒழுங்கு. குறித்த நேர இடைவெளியில் எடுப்பது எளிது. பாய்ச்சலின் அளவுக்கேற்ப எடுப்பதே நாள் முழுதும் வெளியேறிய மாசின் சுமையைச் சரியாகக் காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தால் ஓட்டமானியும் அதனோடு பேசும் சைகை இணைப்பும் விலைப்புள்ளியில் உள்ளனவா என்று பாருங்கள். பல நேரங்களில் அவை தனி விலை. கொள்கலனின் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை 100 மில்லிலிட்டர் என்றால் 24 மணி நேரத்தில் 96 முறை, மொத்தம் 9.6 லிட்டர், 10 லிட்டர்க் கொள்கலனில் அடங்கிவிடும். அதே கருவியைப் பாய்ச்சல் ஒழுங்குக்கு மாற்றியபின் ஒரு மழை நாளில் பாய்ச்சல் இருமடங்கானால், நள்ளிரவுக்குள் கொள்கலன் நிரம்பி, விடிகாலை நீர் மாதிரியில் இடம்பெறாமலே போய்விடும்.

நான்காவது குளிர்ச்சி. அமெரிக்க விதிகள் உறையாமல் 6 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் வைக்கச் சொல்கின்றன. ஐஎஸ்ஓ 5667-3 தரநிலை 5 டிகிரியை மையமாக வைத்து மேலும் கீழும் 3 டிகிரி அனுமதிக்கிறது. பனிக்கட்டி நிரப்பும் பெட்டி குளிர்காலத்தில் போதும். வெயில் காயும் இடத்தில் நிற்கப்போகும் கருவிக்கு, வெளிவெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போதும் உள்ளே அந்த எல்லை நிற்கும் என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். 24 பாட்டில் கொண்ட பெட்டியில் எல்லாப் பாட்டில்களும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றனவா என்பதும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

கழிவுநீர்க் குழாய்களில் தீப்பற்றும் வாயு தேங்கக்கூடும் என்றால் வெடிப்பு அபாயச் சூழலுக்கான சான்று பெற்ற கருவியே வேண்டும். ஐரோப்பாவில் அது 2014/34 எண்ணுள்ள ஏட்டெக்ஸ் நெறிமுறையின் கீழ் வரும். தானியங்கிக் கருவிகளின் செயல்திறனைச் சோதிக்க இஎன் 16479 என்ற ஐரோப்பியத் தரநிலையும், இங்கிலாந்தின் எம்சர்ட்ஸ் சான்றுத் திட்டமும் இருக்கின்றன. உங்கள் நாட்டில் அவை கட்டாயமாக இல்லாவிட்டாலும், அச்சான்றுக்கான சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பது விளம்பரத் தாளைப் பத்து முறை படிப்பதைவிட மேல்.

விற்பவர்களும் தேவையின் ஊற்றும்

இந்தத் துறையின் பெரிய பெயர்கள் பல, கைமாறிக் கைமாறி இன்றைய உரிமையாளர்களிடம் வந்து சேர்ந்தவை. தானியங்கிக் கருவிகளால் அறியப்பட்ட ஐஸ்கோ 2004-இல் டெலிடைன் குழுமத்துக்குச் சென்றது. ஹாக் 1999-இல் டனஹர் குழுமத்தில் சேர்ந்து, 2023-இல் அதிலிருந்து பிரிந்த வெரால்ட்டோவின் அங்கமானது. களமானிகளுக்குப் பெயர்பெற்ற ஒய்எஸ்ஐ, ஐடிடி நிறுவனம் வாங்கிய 2011-ஆம் ஆண்டிலேயே அங்கிருந்து பிரிந்த சைலம் நிறுவனத்துக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் எண்ட்ரெஸ்+ஹவுசர் நிலையான தானியங்கிக் கருவிகளையும், நெதர்லாந்தின் ஐக்கெல்காம்ப், கனடாவின் சோலின்ஸ்ட் ஆகியவை நிலத்தடி நீர்க் கருவிகளையும், ஜெர்மனியின் ஹைட்ரோ-பயோஸ், அமெரிக்காவின் ஜெனரல் ஓஷியானிக்ஸ் ஆகியவை ஏரி, கடல் குப்பிகளையும் செய்கின்றன. இந்தக் குடும்ப வரலாறு வாங்குபவருக்கு எதற்கு என்று கேட்கலாம். உரிமையாளர் மாறும்போது பழைய கருவி வகைகள் உற்பத்தியிலிருந்து நிறுத்தப்படுவதும், உதிரிபாகங்கள் வேறு நாட்டுக் கிடங்குக்கு மாறுவதும் இயல்பு. பத்தாண்டு ஓட வேண்டிய கருவிக்கு, உற்பத்தி நின்றபின் எத்தனை ஆண்டு உதிரிபாகம் தருவார்கள் என்பது விலையை ஒத்த முக்கியமான வரி.

தேவை பெரும்பாலும் சட்டத்திலிருந்து பிறக்கிறது. அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972-இல் வந்தபின் வெளியேற்ற உரிமம் பெற்ற ஒவ்வோர் ஆலையும் மாதிரி எடுத்தே தீர வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நீர்க் கட்டமைப்பு நெறிமுறை ஆறு, ஏரிகளின் கண்காணிப்பை விரிவாக்கியது. 2024-இல் திருத்தி வெளியிடப்பட்ட நகர்ப்புறக் கழிவுநீர் நெறிமுறை, மருந்து எச்சம் உள்ளிட்ட நுண்மாசுகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா பிஎஃப்ஏஎஸ் குடும்பத்தின் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரு சேர்மங்களுக்கும் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்ற வரம்பை அறிவித்தது. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது கழிவுநீரில் வைரஸைத் தேடும் பணி பல நாடுகளில் தொடங்கியதும், 24 மணி நேரக் கலப்பு மாதிரி எடுக்கும் கருவிகளுக்குத் திடீர்த் தேவை எழுந்தது. இதிலிருந்து கொள்முதலுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு கிடைக்கிறது: புதிய விதி நடைமுறைக்கு வரும் மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள் என்பதால், வரைவு விதி வெளியாகும் கட்டத்திலேயே விலைப்புள்ளி கேட்டுவிடுவது சிக்கனம்.

விலைப்புள்ளியைப் படிக்கும் முறை

அச்சுப்பொறியை மலிவாக விற்று மையில் சம்பாதிக்கும் வணிகத்தின் சாயல் இங்கும் உண்டு. ஆகவே கருவியின் விலையை மட்டும் ஒப்பிடாமல், ஐந்தாண்டு ஓட்டத்துக்கான செலவை ஒப்பிடுங்கள். பம்புக் குழாய் ஆண்டுக்கு எத்தனை முறை மாறும், அதை வேறு தயாரிப்பாளரிடம் வாங்கலாமா, பாட்டில்கள் பொது வடிவமா அந்தப் பெட்டிக்கு மட்டுமே பொருந்தும் ஆப்பு வடிவமா, மின்கலம் எத்தனை முறை மின்னேற்றம் தாங்கும், தரவை இறக்க மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா உண்டா, தரவு பொதுவான கோப்பு வடிவில் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நான் அறிந்த ஒரு நிலையத்தில் ஆப்பு வடிவப் பாட்டில்கள் நான்கு உடைந்தபின், மாற்றுப் பாட்டில் வந்து சேரும் வரை பல வாரங்கள் 24 பாட்டில் கருவியை 20 பாட்டில் கருவியாகவே ஓட்டினார்கள். அறிக்கையில் ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் வெற்றிடமாக இருந்தது. விலைப்புள்ளியில் கூடுதல் பாட்டில் தொகுதி ஒன்றைச் சேர்க்காமல் விட்டதுதான் காரணம்.

அயல்நாட்டிலிருந்து தருவிக்கும்போது சில்லறைத் தடைகள் உண்டு. லித்தியம் மின்கலம் கொண்ட கருவி விமானத்தில் வர, மின்கலத்தின் பாதுகாப்பைக் காட்டும் ஐ.நா. 38.3 சோதனைச் சுருக்கம் கேட்டால் கிடைக்கும்படி இருக்க வேண்டும். பதப்படுத்தும் அமிலம் முன்கூட்டியே இடப்பட்ட பாட்டில்கள் ஆபத்தான சரக்காகக் கருதப்பட்டுத் தாமதமாகலாம். வெற்றுப் பாட்டிலை வரவழைத்து அமிலத்தை உள்ளூரில் சேர்த்துக்கொள்வது சிக்கலைக் குறைக்கும். ஒரே கருவியைப் பகுப்பாய்வுக் கருவியாகவும் பம்பாகவும் வகைப்படுத்த இடமிருப்பதால், சுங்கக் குறியீட்டை ஆணை கொடுக்குமுன் முகவரிடம் உறுதி செய்யுங்கள். மின்னழுத்தம், மின்செருகி பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர்கள்தான் அதில் மாட்டுகிறார்கள்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரமே பயன்படும் கருவியை வாங்காமல் வாடகைக்கு எடுப்பது மேல். பயன்படுத்திய கருவி வாங்குவதானால், உலோகப் பெட்டியின் பளபளப்பைப் பார்க்காமல் பம்பின் சுழற்சி எண்ணியைப் பாருங்கள். நீர் தொடும் உறுப்புகள் அனைத்தையும் புதிதாக மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கியபின்

பணத்தின் ஒரு பகுதியை ஏற்புச் சோதனைக்குப்பின் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இந்தக் கட்டம் சுமுகமாக நடக்கும். சோதனைகள் நான்கு. முதலாவது அளவுச் சீர்மை: உங்கள் இடத்தின் உண்மையான உயரத்தில் கருவியை வைத்து, ஒரே அளவை இருபது முறை எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தராசில் எடை போடுங்கள். இரண்டாவது வேகம்: 7.5 மீட்டர் குழாயில் நீர் நுழைந்து பம்பை எட்ட 15 நொடிக்குமேல் எடுத்தால், நொடிக்கு 0.5 மீட்டர் என்ற வரம்பை அது எட்டவில்லை. மூன்றாவது வெப்பநிலை: மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு பாட்டில்களில் பதிவுமானி போட்டு, நாளின் வெப்பமான நேரம் உட்பட 24 மணி நேரம் விடுங்கள்.

நான்காவது, பலர் தவிர்த்துவிடும் வெற்று மாதிரி. ஆய்வகத்திலிருந்து பெற்ற மாசற்ற நீரைக் கருவியின் முழுப் பாதை வழியாக ஓடவிட்டு, அதை வழக்கமான மாதிரியைப் போலவே பாட்டிலில் பிடித்து, பெயர் குறிப்பிடாமல் ஆய்வுக்கு அனுப்புங்கள். அதில் ஏதேனும் மாசு தென்பட்டால் அது கருவி கொடுத்தது. புதிய குழாயில் தயாரிப்பின்போது தங்கிய எச்சம் இருக்கக்கூடும் என்பதால், நன்றாகக் கழுவி இரண்டாம் முறை அனுப்பிப் பாருங்கள். எண் இறங்கினால் கழுவும் நேரத்தை நடைமுறைக் குறிப்பில் எழுதிவைக்கலாம், இறங்காவிட்டால் எந்த உறுப்பு என்று கண்டுபிடித்து மாற்றித் தரச் சொல்ல வேண்டும். அந்த முதல் வெற்று மாதிரியின் முடிவைக் கருவியின் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு முறை பம்புக் குழாயை மாற்றியபின்னும் இதே சோதனையைச் செய்து, புதிய எண்ணை அதன் பக்கத்திலேயே எழுதி வாருங்கள்.